குங்ஃபூவில் அசைவின் ஓட்டமும் உள்வலிமையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குங்ஃபூ கற்கத் தொடங்கி ஓரிரு ஆண்டு ஆனதும் பெரும்பாலோர் ஒரே இடத்தில் வந்து நிற்கிறார்கள். குத்து, உதை, நிலைகள், ஒன்றிரண்டு முழு வரிசைகள் (தொடர்ந்து செய்யும் அசைவுக் கோவைகள்) எல்லாம் மனப்பாடம். ஆனால் தாங்கள் செய்யும் வீடியோவைப் பார்த்தால் மனம் சுருங்கிப்போகிறது. மாஸ்டர் செய்யும்போது தண்ணீர்போல ஓடும் அதே வரிசை, தாங்கள் செய்யும்போது துண்டு துண்டாக வருகிறது. நீண்ட காலம் பயிற்சி செய்து, பிறகு சொல்லியும் கொடுத்து வருகிற எனக்குத் திரும்பத் திரும்ப வந்த கேள்விகள் இவை. ஓட்டம் ஒரு பாடம், உள்வலிமை வேறொரு பாடம் என்று நினைத்துத்தான் நானும் தொடங்கினேன். இரண்டுக்கும் வேர் ஒன்றே என்று இப்போது உறுதியாக நம்புகிறேன். கீழே உள்ள பதில்களில் அந்த நம்பிக்கை ஓடிக்கொண்டே இருக்கும்.

அசைவுகள் எல்லாம் தெரியும். இருந்தும் கட்டைபோல இருக்கிறேன். ஏன்?

இரண்டு காரணங்கள். முதலாவது, தசைகள் ஒன்றோடொன்று மல்லுக்கட்டுவது. கையை நீட்டிக் குத்தும்போது மேல்கையின் பின்பக்கத் தசை சுருங்கி முழங்கையை நீட்டுகிறது. அந்த நேரத்தில் முன்பக்கத் தசை விட்டுக்கொடுக்க வேண்டும். புதிதாகக் கற்பவரின் உடல் இரண்டையும் சேர்த்தே இறுக்குகிறது. பிரேக்கை மிதித்துக்கொண்டே வண்டியை முறுக்குவதற்குச் சமம் இது. குத்து மெதுவாகப் போகும், ஆனால் செய்பவருக்குப் பெரும் பலத்தோடு போவதாகத் தோன்றும். அந்தத் தோற்றம்தான் பழக்கத்தை மாற்றவிடாமல் பிடித்துவைக்கிறது.

இரண்டாவது, வரிசையை நாம் புகைப்படங்களாகக் கற்கிறோம். குதிரை நிலை, வில் நிலை, பூனை நிலை என்று நின்ற இடங்களுக்குப் பெயர் இருக்கிறது. ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் வழிக்குப் பெயர் இல்லை; அதனால் அதில் கவனமும் இல்லை. ஒரு மாதத்துக்கு முழு வரிசையையும் ஒதுக்கி வையுங்கள். உங்களுக்கு மிகவும் தடுமாறும் ஒரேயொரு மாற்றத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கால்களால் மட்டும் அதை இருபது முறை செய்யுங்கள். பிறகு கைகளைச் சேர்த்து இருபது முறை. பிறகு அதையே பின்னோக்கி, முடிவிலிருந்து தொடக்கத்துக்கு. பின்னோக்கிச் செய்யும்போது எந்த இடத்தில் உடல் சட்டென்று விழுகிறதோ, அங்கேதான் முன்னோக்கிச் செய்யும்போதும் ஏமாற்றிக்கொண்டிருக்கிறீர்கள்.

“தளர்வாக இரு” என்கிறார் மாஸ்டர். தளர்ந்தால் கை தொங்கிவிடுகிறதே?

சீனத்தில் இதற்கு ‘சோங்’ என்ற சொல். பழைய எழுத்து வடிவில் அதன் தலைப்பகுதி நீண்ட கூந்தலைக் குறிக்கும் குறி. கட்டியிருந்த கூந்தல் அவிழ்ந்து விழுவதை நினைத்துக்கொள்ளுங்கள். அவிழ்ந்த கூந்தல் கீழே கிடப்பதில்லை, தலையிலிருந்து தொங்குகிறது. மேலே ஒரு பிடிப்பு, கீழே ஒரு விடுதலை.

தமிழிலும் நமக்கு இரண்டு சொற்கள் இருக்கின்றன: தளர்வு, தொய்வு. தொய்ந்த கயிற்றின் ஒரு முனையை இழுத்தால் மறுமுனைக்குத் தெரியாது. தளர்ந்த உடலில் ஒரு விரலை யாராவது தொட்டால் பாதம்வரை சேதி போகும். வேண்டியது தளர்வு. எளிய சோதனை ஒன்று: கையைத் தோள் உயரத்துக்குத் தூக்கி, நண்பரை மணிக்கட்டில் கைவைத்து மெல்லக் கீழே அழுத்தச் சொல்லுங்கள். கை உடனே விழுந்தால் தொய்வு. தோள் காதை நோக்கி ஏறினால் விறைப்பு. கை கொஞ்சம் இறங்கி, அழுத்தத்தை ஏந்தி, அவர் எடுத்ததும் தானே மேலே வந்தால் சரியான தளர்வு.

இதை வெறும் பழைய ஞானமாக ஏற்க வேண்டியதில்லை. கனடாவைச் சேர்ந்த முதுகெலும்பு இயக்கவியல் ஆய்வாளர் ஸ்டூவர்ட் மெக்கில் குழுவினர் 2010இல் தேர்ந்த கலப்புச் சண்டை வீரர்களின் அடியைத் தசை மின்பதிவு கொண்டு அளந்தார்கள். அடி புறப்படும்போது தசைகள் ஒருமுறை உச்சமாகச் சுருங்கின. நடுவில் தளர்ந்தன. இலக்கைத் தொடும் கணத்தில் மறுபடி சுருங்கின. வேகம் நடுவில் வரும் தளர்வில் இருக்கிறது. முழு வழியும் இறுகிய கையில் வேகத்துக்கு இடமில்லை.

உள்சக்தி என்று சொல்லப்படும் ‘சி’ உண்மையில் என்ன?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். ‘தாய்ச்சி’ என்ற சீனக் கலையின் பெயரில் கடைசியில் வரும் ‘ச்சி’ இந்தச் ‘சி’ கிடையாது. அது ‘ஜி’ என்ற வேறு சொல். எல்லை, உச்சம் என்று பொருள். உள்சக்தியைக் குறிக்கும் ‘சி’யின் பழைய எழுத்தில் மேலே ஆவி, கீழே அரிசி. காற்று, ஆவி, மூச்சு என்பவை அதன் நேர்ப்பொருள்கள். சீனர்கள் அன்றாடப் பேச்சில் வானிலையை ‘தியன் சி’ என்கிறார்கள், கோபப்படுவதை ‘ஷெங் சி’ என்கிறார்கள். ஆக, சீனரின் காதில் இந்தச் சொல் நமக்குக் கேட்பதுபோல மர்மமாக ஒலிப்பதில்லை.

பயிற்சியில் இந்தச் சொல்லை மூத்தவர்கள் எங்கே பயன்படுத்துகிறார்கள் என்று கவனித்து வந்திருக்கிறேன். மூச்சு ஆழமாக இறங்கும்போது ‘சி’ என்கிறார்கள். கவனம் ஒரு உறுப்பில் நிறைந்து அங்கே கனமோ வெப்பமோ தோன்றும்போது ‘சி’ என்கிறார்கள். கால் தரையைத் தள்ளிய விசை தடையில்லாமல் கைக்கு வரும்போதும் அப்படியே. மூன்றும் உடலில் உணரக்கூடியவை, பயிற்சியால் வளர்பவை. தனியாக ஒரு பொருள் குழாய்களில் ஓடுகிறது என்று கருவி வைத்து யாரும் நிறுவியதில்லை; நிறுவும்வரை பயிற்சியை நிறுத்திவைக்கவும் வேண்டாம். ‘சி அடிவயிற்றுக்கு இறங்கட்டும்’ என்று சொன்னால் உடனே தோள் இறங்குகிறது, மூச்சு நீள்கிறது, எடை பாதத்துக்குப் போகிறது. ஒரே வாக்கியத்தில் மூன்று திருத்தங்கள். உருவகமாக எடுத்துக்கொண்டாலும் அது வேலை செய்யும் உருவகம்.

பிராணனும் ‘சி’யும் ஒன்றுதானா?

இரண்டும் மூச்சிலிருந்து பிறந்த கருத்துகள், இரண்டும் உயிராற்றலைக் குறிக்க வளர்ந்தவை. நாடிகளின் வரைபடமும் சீன மருத்துவத்தின் தடங்களும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்துவதில்லை. பிராணாயாமம் பழகியவருக்கு மூச்சின் மேல் முன்பே கவனம் இருப்பதால் தொடக்கம் எளிதாகும். ஆனால் கும்பகத்தைக் குங்ஃபூ வரிசைக்குள் கொண்டுவராதீர்கள். அசையும் உடலில் மூச்சை நிறுத்துவது வேறு விளைவு தரும்.

உள்முறை, வெளிமுறை என்ற பிரிவு என்ன? நான் கற்பது வெளிமுறையானால் இதெல்லாம் எனக்குப் பொருந்துமா?

நன்றாகப் பொருந்தும். ‘உள்முறை’ என்ற பெயர் முதலில் தென்படுவது 1669இல் அறிஞர் ஹுவாங் ஸோங்சி எழுதிய ஒரு கல்லறை வாசகத்தில். 1928இல் நான்ஜிங்கில் தொடங்கிய மத்திய தேசியக் கலைக் கழகம் தன் பாடத்தை ஷாவ்லின் (வெளிமுறை), வுடாங் (உள்முறை) என்று இரு கிளைகளாகப் பிரித்தபோது அது பள்ளிக்கூடப் பிரிவாகவே ஆனது. தாய்ச்சி, ஷிங்யி, பாகுவா மூன்றும் உள்முறை. மற்றவை வெளிமுறை என்ற பட்டியல் நம் காதுக்கு வந்தது இப்படித்தான்.

நடைமுறையில் கோடு அத்தனை தெளிவாக இல்லை. வெளிமுறைப் பட்டியலில் வரும் விங் சுன் கற்பவர் முதலில் பழகும் ‘சியு நிம் தாவ்’ வரிசையின் முதல் பகுதி, நின்ற இடத்தில், மிக மெதுவாகச் செய்யப்படுகிறது. அதே பட்டியலில் வரும் ஹுங் குயன் முறையில் கடைசியாகக் கற்பிக்கும் ‘இரும்புக் கம்பி’ வரிசை முழுக்கவே மூச்சும் இழுவிசையும்தான். வெளிமுறை தசையிலிருந்து தொடங்கி உள்ளே போகிறது, உள்முறை உள்ளேயிருந்து தொடங்கி வெளியே வருகிறது என்று என் மாஸ்டர் சொல்வார். பத்து ஆண்டு கழித்து இருவரும் ஒரே திண்ணையில் உட்கார்ந்திருப்பார்கள் என்றும் சொல்வார்.

இதெல்லாம் போதிதர்மர் கற்றுக்கொடுத்ததுதானே?

நம்மவர்கள் கட்டாயம் கேட்கும் கேள்வி. போதிதர்மர் தென்னிந்தியாவிலிருந்து போனவர் என்று சீன பௌத்த மரபே சொல்கிறது. 547இல் எழுதப்பட்ட ஒரு பழைய குறிப்போ அவரைப் பாரசீகத்தவர் என்கிறது. தியானத்தில் அவருக்குள்ள இடம் பெரியது. அவர் ஷாவ்லின் துறவிகளுக்கு உடற்பயிற்சி கற்றுக்கொடுத்தார் என்ற கதைக்கு அடிப்படை ‘யிஜின் ஜிங்’ என்ற நூல். அதை ஆய்ந்தவர்கள் அது 17ஆம் நூற்றாண்டில், 1624ஐ ஒட்டி எழுந்தது என்கிறார்கள். அதாவது அவர் காலத்துக்கு ஆயிரம் ஆண்டுக்கும் பிறகு. பெருமைப்படுவதற்கு அவரது தியான மரபே போதும். நாம் பழகும் வரிசைகள் பல தலைமுறைச் சீன விவசாயிகள், படைவீரர்கள், காவலர்களின் உழைப்பு. அந்த நன்றியை அவர்களுக்குச் செலுத்துவதே நியாயம்.

“இடுப்பிலிருந்து அசை” என்கிறார்கள். எனக்கு அது புரியவே இல்லை.

புரியாததற்குப் பாதிக் காரணம் நம் மொழி. தமிழில் இடுப்பு என்றால் குடம் வைக்கும் இடமும் அதுதான், பெல்ட் கட்டும் இடமும் அதுதான், வலிக்கும் அடிமுதுகும் அதுதான். சீனத்தில் இரண்டு தனிச் சொற்கள். ‘யாவ்’ என்றால் விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே உள்ள பகுதி, அடிமுதுகும் சேர்த்து. ‘குவா’ என்றால் தொடை உடலோடு சேரும் மடிப்பு, அதாவது தொடையிடுக்கும் அதற்குள் இருக்கும் பந்துக்கிண்ண மூட்டும். மாஸ்டர் சீனத்தில் சொல்லும்போது இரண்டாகச் சொன்னது, மொழிபெயர்ப்பில் ஒன்றாகி நம் காதில் விழுகிறது. நாம் போய் அடிமுதுகைத் திருகுகிறோம்.

அடிமுதுகின் ஐந்து எலும்புகள் சேர்ந்தும் சில பாகைகள்தான் திரும்பும். அவற்றின் அமைப்பு குனிவதற்கும் நிமிர்வதற்கும் ஆனது. முழங்கால் கதவுக்கீல் போன்றது. நின்ற காலில் அதைத் திருகக் கூடாது. நன்றாகச் சுழலக்கூடியது குவா மட்டுமே. அதைத் திறக்கத் தெரியாதவர் உடலில் அந்தச் சுழற்சியின் சுமையை அடிமுதுகோ முழங்காலோ ஏற்கிறது.

இப்படிச் செய்து பாருங்கள். தோள் அகலத்தில் கால்களை வைத்து, முழங்காலை லேசாக மடித்து நில்லுங்கள். இரு கைவிரல் நுனிகளையும் இரு தொடையிடுக்கில் வையுங்கள். தொப்புள் இடப்பக்கம் பார்க்கும்படி மெல்லத் திரும்புங்கள். இடப்பக்க மடிப்பு ஆழமாகி விரல்களைக் கவ்வ வேண்டும். வலப்பக்க மடிப்பு விரிய வேண்டும். முழங்கால்கள் இரண்டும் முன்னே பார்த்தபடியே இருக்க வேண்டும். முழங்கால் கூடவே சாயத் தொடங்கினால் அதுதான் இன்றைய எல்லை, அதைத் தாண்டாதீர்கள். பிறகு வலப்பக்கம். ஐந்து நிமிடம் செய்தபின் விரல்களை எடுத்துவிட்டுக் கைகளைத் தொங்கவிடுங்கள். திரும்பும் உடல் கைகளைத் தானாக வீசும். நீங்கள் வீசக் கூடாது. கை தாமதமாக, ஒரு நொடிப்பொழுது பின்தங்கி வருவதை உணர்ந்தால், இத்தனை நாள் தேடிய ஓட்டத்தின் முதல் துளி அதுதான்.

சென் முறைத் தாய்ச்சியில் இதையே வளர்த்து ‘பட்டு நூற்றல்’ என்று ஒரு தனிப் பயிற்சியாகச் செய்கிறார்கள். ஹெனான் மாகாணத்தின் சென்ஜியாகோ கிராமத்தில் பிறந்த முறை அது. கூட்டிலிருந்து பட்டிழையை இழுக்கும்போது வேகமாக இழுத்தால் அறுந்துவிடும், விட்டுவிட்டு இழுத்தால் சிக்கிக்கொள்ளும். ஒரே சீரான இழுவை வேண்டும், கூடும் மெல்லச் சுழல வேண்டும். கை வரையும் வட்டம் பார்வைக்குத் தெரிவது. குவாவின் சுழற்சி முதுகு வழியாகத் தோளுக்கும், தோளிலிருந்து முழங்கைக்கும், அங்கிருந்து விரலுக்கும் முறுக்கிக்கொண்டே போவது செய்பவருக்குத் தெரிவது.

பழைய மரபில் இதற்கு ‘ஆறு இணைவுகள்’ என்று பெயர். தோள் குவாவோடு, முழங்கை முழங்காலோடு, கை பாதத்தோடு: இவை வெளி இணைவுகள். மனம் எண்ணத்தோடு, எண்ணம் ‘சி’யோடு, ‘சி’ பலத்தோடு: இவை உள் இணைவுகள். வெளி மூன்றையும் கண்ணாடி முன் நின்றே சரிபார்க்கலாம். பாதம் தரையில் பதிந்து முடிப்பதும் கை நீண்டு முடிப்பதும் ஒரே கணத்தில் நடக்கிறதா என்று மட்டும் ஒரு வாரம் பாருங்கள். பெரும்பாலும் கை முந்திவிடும்.

அசையாமல் நிற்பதால் அசைவு எப்படி நன்றாகும்?

‘ஜான் ஜுவாங்’, அதாவது கம்பம்போல நிற்றல். 1885இல் பிறந்த வாங் சியாங்ஜாய் வரிசைகளையெல்லாம் உதறிவிட்டு, நிற்பதையே வேராக வைத்து யிசுவான் என்ற முறையை உருவாக்கினார். அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. ஆனால் வேறு எந்தப் பயிற்சியையும் விட இதிலிருந்துதான் நான் அதிகம் கற்றேன்.

கால்கள் தோள் அகலம், பாதங்கள் இணையாக. முழங்கால் பூட்டாமல் லேசாக மடிந்திருக்க வேண்டும். கால்விரல் நுனியைத் தாண்டக் கூடாது. உயரமான ஸ்டூலின் விளிம்பில் பாதி உட்கார்ந்ததுபோல வால் எலும்பு கீழே தொங்கட்டும். உச்சந்தலையை யாரோ நூல்கட்டித் தூக்குவதாக நினைத்துக்கொள்ளுங்கள். கைகள் பெரிய மரமொன்றைக் கட்டிப்பிடித்ததுபோல மார்பளவில். முழங்கை தோளுக்குக் கீழே. முதல் வாரம் மூன்று நிமிடம் போதும். வாரத்துக்கு ஒரு நிமிடம் கூட்டுங்கள். இருபது நிமிடம் வந்தால் பெரும்பாலோருக்கு அதற்குமேல் தேவையில்லை.

முதலில் தோள் எரியும். தூக்கிய கையைத் தோள்பட்டைத் தசை மட்டும் சுமப்பதால் வரும் எரிச்சல் அது. பல்லைக் கடித்து ஜெயிக்கப் பார்க்காதீர்கள். எரியும் தசை ஒரு கட்டத்தில் களைத்துக் கைவிடும். அப்போது உடல் வேறு வழி தேடும்: முதுகு கொஞ்சம் விரிந்து சுமையில் பங்கெடுக்கும், முழங்கை இறங்கும், எடை எலும்புகளின் வழியே தரைக்குப் போகும். யாரும் சொல்லித்தர முடியாத அந்தச் சிறு சரிசெய்தல்களை உடல் தானே கண்டுபிடிக்கும் நேரம்தான் நிற்கும் நேரம். பிறகு நடக்கத் தொடங்கும்போது அந்தச் சிக்கனம் கூடவே வருகிறது.

முழங்காலைப் பூட்டி நிற்காதீர்கள். கால்களில் ரத்தம் தேங்கி மயக்கம் வரலாம். கண் இருட்டினால் பெருமை பார்க்காமல் உடனே உட்கார்ந்துவிடுங்கள்.

மூச்சை எப்படி விட வேண்டும்?

மூக்கு வழியாக, இயல்பாக, வயிறு மெல்ல அசையும்படி. தொடக்க ஆண்டுகளுக்கு இவ்வளவுதான். தொப்புளுக்கு மூன்று விரல் அளவு கீழே, உடலின் உட்புறமாக, ‘தந்தியன்’ என்ற இடத்தில் மூச்சு இறங்குவதாக நினைப்பார்கள். நுரையீரல் அங்கே இல்லை. உதரவிதானம் கீழிறங்கி வயிற்றுக்குள் அழுத்தம் கூடுவதால் வயிறு நிறைவதை அங்கே உணர்கிறோம். அந்த அழுத்தம் அடிமுதுகைத் தாங்கிப் பிடிக்கிறது.

நம்மிடம் ‘தம் கட்டி அடி’ என்ற வழக்கு உண்டு. பாரம் தூக்கப் பொருந்தும், குங்ஃபூவுக்குப் பொருந்தாது. மூச்சை அடக்கி முக்கும்போது ரத்த அழுத்தம் சட்டென்று ஏறுகிறது. இதய நோயோ உயர் ரத்த அழுத்தமோ உள்ளவர்களுக்கு அது ஆபத்து. மூச்சு நின்ற இடத்தில் அசைவும் நிற்கும் என்பது இன்னொரு காரணம். வரிசை செய்யும்போது மெல்லிய குரலில் ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே செய்யுங்கள். எண்ணிக்கை எங்கே தொண்டையில் சிக்குகிறதோ அந்த அசைவில் தம் கட்டுகிறீர்கள்.

மூச்சை உள்ளிழுக்கும்போது வயிற்றை உள்வாங்கும் ‘எதிர்மூச்சு’ சில முறைகளில் உண்டு. நேரில் பார்த்துத் திருத்த ஒருவர் இல்லாமல் அதைத் தொட வேண்டாம்.

உள்ளங்கை சூடாகிறது, விரல்கள் சுருசுருக்கின்றன, கால் நடுங்குகிறது. ‘சி’ வந்துவிட்டதா?

தளர்ந்தால் கைகளின் சிறு ரத்தக்குழாய்கள் விரிகின்றன, அதனால் சூடு. பழகாத தசை களைத்தால் நடுக்கம். நல்ல அறிகுறிகள்தான். ஆனால் அவற்றையே இலக்காக்கி உட்கார்ந்துவிட்டால் பயிற்சி அங்கேயே தேங்கிவிடும். மரத்துப்போதல், ஒரு பக்கம் மட்டும் பலவீனம், நெஞ்சு வலி இவற்றில் எது வந்தாலும் மாஸ்டரிடம் போகாதீர்கள், மருத்துவரிடம் போங்கள்.

இவ்வளவு மெதுவாகச் செய்தால் அடி எப்படி விழும்?

ஈரத் துணியை உதறிப் பாருங்கள். கை அசைவது சிறிது தூரம்தான். அலை துணி நெடுக ஓடி நுனியில் ‘பட்’டென்று வெடிக்கிறது. துணி விறைத்து உலர்ந்திருந்தால் அந்தச் சத்தம் வராது. சீனத்தில் ‘ஃபா ஜின்’ என்பது இதுதான். ‘உதறல்’ என்று நான் வகுப்பில் சொல்வேன். தசையின் முரட்டுப் பலத்துக்கு ‘லி’ என்றும், உடல் முழுவதும் இணைந்து அனுப்பும் விசைக்கு ‘ஜின்’ என்றும் வேறு வேறு சொல் வைத்திருக்கிறார்கள். கால் தரையைத் தள்ளுகிறது, தரை திருப்பித் தள்ளுகிறது, குவா சுழன்று அதை மேலே அனுப்புகிறது, கை அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது.

புரூஸ் லீ 1964இல் லாங் பீச் போட்டியில் காட்டிய ஒரு அங்குலக் குத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கைக்கு ஓட இடமில்லை. முழங்காலும் இடுப்பும் தோளும் ஒரே கணத்தில் நிமிர்ந்ததுதான் அந்த அடி.

மெதுவாகச் செய்வதன் பயன், சங்கிலியில் எந்தக் கண்ணி அறுந்திருக்கிறது என்பதைப் பார்ப்பது. வேகம் பிழைகளை மூடிவிடும். மெதுவாக மட்டுமே செய்துவிட்டு வேகம் தானாக வரும் என்று நம்புவதும் தவறு. வாரத்தில் இரண்டு நாளாவது வேகமான உதறலும் பையில் அடிப்பதும் வேண்டும். உதறும்போது முழங்கையை முற்றிலும் நீட்டிப் பூட்டாதீர்கள், மூட்டு தாங்காது.

தொடாமலேயே ‘சி’யால் ஆளை வீழ்த்த முடியுமா?

முடியாது. அப்படிக் காட்டும் வீடியோக்களில் விழுபவர் எப்போதும் வீழ்த்துபவரின் மாணவராக இருப்பதைக் கவனியுங்கள். 2017 ஏப்ரலில் செங்டு நகரில் கலப்புச் சண்டை வீரர் சூ சியாவ்டோங், தாய்ச்சி ஆசிரியர் ஒருவரை அரை நிமிடத்துக்குள் வீழ்த்தினார். தாய்ச்சியே பொய் என்று பலர் கொண்டாடினார்கள். எனக்கு அது வருத்தம். அடி வாங்கிப் பழகாதவர் அடி வாங்கினார் என்பதுதான் அதில் தெரிந்தது. எதிர்ப்பவரோடு பழகாத எந்தக் கலையும் அன்று அப்படித்தான் விழுந்திருக்கும்.

முழங்கால் வலிக்கிறது. தொடரலாமா?

வலியோடு தொடராதீர்கள். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். தொடக்கத்தில் நான் போன ஒரு வகுப்பில், நிலை எவ்வளவு தாழ்வோ அவ்வளவு உயர்ந்த பயிற்சி என்றார்கள். தொடை தரைக்கு இணையாக நின்று, பதிந்த பாதத்தின் மேலேயே உடலைத் திருப்பினோம். குவா திறக்கவில்லை, முழங்கால் திருகியது. வலியைச் சொன்னபோது “எரிந்து போகட்டும், பழகிவிடும்” என்ற பதில்தான் வந்தது. எட்டு மாதம் மாடிப்படி ஏறும்போதெல்லாம் கைப்பிடியைப் பிடித்தேன். இன்றும் யாராவது மாணவர் முழங்காலைத் தடவுவதைப் பார்த்தால் வகுப்பை நிறுத்திவிடுவேன்.

விதிகள் மூன்று. முழங்கால் எப்போதும் பாதத்தின் விரல்கள் பார்க்கும் திசையையே பார்க்க வேண்டும். எடை நிறைந்த பாதத்தைத் தரையில் தேய்த்துத் திருப்பக் கூடாது. எடையை மறுகாலுக்கு மாற்றி, காலியாக்கி, பிறகு திருப்புங்கள். நிலையின் தாழ்வை வலி தீர்மானிக்கட்டும். உயரமாக நின்று சரியாகச் செய்த வரிசை, தாழ நின்று தவறாகச் செய்ததைவிடப் பல மடங்கு மேல். தொடையில் எரிச்சல் உழைப்பு. மூட்டுக்குள் குத்தல் எச்சரிக்கை.

துணைக்கு ஆள் வேண்டுமா, தனியாகவே செய்தால் போதாதா?

தனியாகச் செய்யும்போது நாம் தளர்ந்திருப்பதாக நாமே நம்பிக்கொள்கிறோம். இன்னொருவர் கை நம் கையில் பட்டதும் உண்மை தெரிந்துவிடும். இதற்குத்தான் ‘துய் ஷோ’ என்ற தள்ளு கைப் பயிற்சி: இருவர் முன்கைகளைத் தொட்டபடி, ஏந்துதல், வழிவிடுதல், நெருக்குதல், அழுத்துதல் என்று மாறி மாறி வட்டமிடுவது. நான்கு லியாங் கொண்டு ஆயிரம் ஜின்னைத் திருப்பு என்பார்கள் (இரண்டும் எடை அளவுகள்; இந்த ‘ஜின்’ மேலே சொன்ன விசை அல்ல). இன்றைய சீன அளவில் 200 கிராமால் அரை டன்னைத் திருப்புவது. மிகைதான், ஆனால் திசையைச் சரியாகக் காட்டும் மிகை. ஜெயிக்கப் பார்த்த அன்றெல்லாம் நான் எதையும் கற்கவில்லை. தள்ளப்பட்டு, எந்த மூட்டில் விறைத்தேன் என்று கேட்டுக்கொண்ட அன்று கற்றேன்.

ஆள் கிடைக்காவிட்டால் சுவரில் முன்கையை வைத்து மெல்ல அழுத்துங்கள். அழுத்தம் தோளில் தேங்குகிறதா, பின்பாதத்துக்குப் போகிறதா என்று பாருங்கள். சுவர் பொய் சொல்லாது.

அறுபது வயதுக்குமேல் தொடங்கலாமா?

தாராளமாக. தாய்ச்சி முதியோரின் விழுதலைக் குறைக்கிறது என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. 2012இல் வெளிவந்த ஒரு ஆய்வில், 195 பார்க்கின்சன் நோயாளிகளை மூன்று குழுவாகப் பிரித்து, வாரம் இருமுறை ஒரு மணி நேரம், 24 வாரம் பயிற்சி கொடுத்தார்கள். தாய்ச்சிக் குழுவின் உடல் நிலைப்பு மற்ற இரு குழுக்களையும்விட நன்றாக இருந்தது. 1956இல் சீன விளையாட்டு ஆணையம் சுருக்கி அமைத்த 24 அசைவு வரிசை தொடங்குவதற்கு ஏற்றது. முடிக்க ஐந்தாறு நிமிடம்தான் ஆகும். மூட்டு மாற்று அறுவை, எலும்புத் தேய்மானம் இருந்தால் மருத்துவரைக் கேட்டபின் தொடங்குங்கள்.

தினமும் எவ்வளவு நேரம்?

நாற்பது நிமிடம் கிடைத்தால்: ஐந்து நிமிடம் மூட்டுகளை இளக்க, பத்து நிமிடம் நிற்க, பத்து நிமிடம் குவாச் சுழற்சியும் பட்டு நூற்றலும், மீதி ஒரு வரிசை அல்லது அதில் ஒரு துண்டு. பதினைந்து நிமிடம்தான் என்றால் நிற்பதையும் சுழற்சியையும் செய்யுங்கள், வரிசையை விடுங்கள். ஞாயிறன்று மூன்று மணி நேரம் செய்துவிட்டு ஆறு நாள் விடுவதில் பயனில்லை.

முன்னேறுகிறேனா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

உள்ளே என்ன உணர்கிறேன் என்பதை வைத்து அளக்காதீர்கள். அது நாளுக்கொரு விதமாக இருக்கும். மாதம் ஒருமுறை அதே வரிசையை, அதே கோணத்தில் வீடியோ எடுங்கள். முதலில் தோள்களை மட்டும் பாருங்கள், ஏறுகின்றனவா என்று. பிறகு தலையை மட்டும்: அடியெடுத்து வைக்கும்போது ஒரே உயரத்தில் போகிறதா, குதிக்கிறதா என்று. முன்வைத்த பாதத்தில் எடை ஏறுவதற்குமுன் அதைத் திரும்பத் தூக்க முடிகிறதா என்று நடுநடுவே நிறுத்திச் சோதியுங்கள். முடியாவிட்டால் அடியெடுத்து வைக்கவில்லை, விழுந்திருக்கிறீர்கள்.

வகுப்புக்கு வெளியேயும் தெரியும். என் மாணவி ஒருவருக்கு முதல் மாற்றத்தைச் சொன்னவர் கீழ்வீட்டுக்காரர். மாடியில் அவர் நடக்கும் சத்தம் இப்போதெல்லாம் கேட்பதில்லையே, ஊருக்குப் போயிருந்தீர்களா என்று கேட்டாராம்.